மகள் தன் சர்க்கரை நோயை மெடிக்கல் ஸ்கூல் கட்டுரையில் எழுதலாமா?

எடிசன் அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், கேட்பது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகளுக்கு 21 வயது. காலேஜில் மூன்றாம் வருடம் முடிக்கப் போகிறாள், இந்த ஜூனில் இங்கே அமெரிக்காவில் மெடிக்கல் ஸ்கூலுக்கு அப்ளை செய்கிறாள். எம்கேட் என்கிற நுழைவுத் தேர்வு எழுதியாகிவிட்டது, 514. அதில் எனக்குக் கவலை இல்லை. கவலையெல்லாம் அந்த 5,300 எழுத்துக் கட்டுரைதான். நம் ஊரில் நீட் மார்க் வந்தால் ரேங்க், ரேங்க் வந்தால் கவுன்சிலிங், அவ்வளவுதான். நீ ஏன் டாக்டர் ஆகவேண்டும், உன் வாழ்க்கையில் என்ன நடந்தது என்று யாரும் உட்கார்ந்து கேட்பதில்லை. இங்கே அதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

அவளுக்கு 11 வயதில் டைப் 1 சர்க்கரை வந்தது. நாங்கள் கோயம்புத்தூரிலிருந்து வந்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. ஒரு மாதமாகத் தண்ணீர் தண்ணீர் என்று குடித்தாள், ராத்திரி நாலு தடவை எழுந்து போனாள், கன்னம் ஒட்டிப்போனது. நான் உடம்புச் சூடு என்று நினைத்து, தலைக்கு எண்ணெய் வைத்து, வெந்தயம் ஊறவைத்த தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஸ்கூல் நர்ஸ் போன் செய்து, பிள்ளை மூச்சை இழுத்து இழுத்து விடுகிறாள், வாயில் பழ வாசனை வருகிறது, ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டேன் என்றார். கீட்டோ அசிடோசிஸ், அதாவது இன்சுலின் இல்லாமல் ரத்தம் அமிலமாகிவிடுவது. மூன்று நாள் ஐசியூ. அன்று காலையில் அவள் பாதி குடித்து வைத்துவிட்டுப் போன அந்த வெந்தயத் தண்ணீர் டம்ளர் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. என் மாமியாருக்கு மட்டும் தெரியும், அவர் அன்றைக்கே சொல்லிவிட்டார், பெண் பிள்ளை, வெளியே தெரிந்தால் நாளைக்கு யார் கேட்டு வருவார்கள் என்று. நானும் அதையே பிடித்துக்கொண்டேன். லீவுக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் அவள் பாத்ரூமுக்குள் போய்த்தான் ஊசி போட்டுக்கொள்வாள். அவளுக்கு 14 வயதில் என் அண்ணன் மகள் கல்யாணம். மண்டபத்தில் பந்தி நடக்கும்போது அவளுடைய மீட்டர் சத்தம் போட்டது, பக்கத்தில் இருந்தவர்கள் என்ன என்று கேட்டார்கள், நான் போன் அலாரம் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது அவள் எழுதியிருக்கும் கட்டுரை அங்கேதான் ஆரம்பிக்கிறது. மண்டபத்துப் பாத்ரூமில் கவிழ்த்துப் போட்ட பக்கெட் மேல் பட்டுப்பாவாடையோடு உட்கார்ந்து, வயிற்றில் ஊசி போட்டுக்கொள்கிற 14 வயதுப் பெண். வெளியே நாதஸ்வரம். அம்மா கதவைத் தட்டி, சீக்கிரம் வா, யாராவது கேட்பார்கள் என்கிறாள். படித்துவிட்டு நான் அடுப்படியில் போய் நின்று அழுதேன்.

என் கணவர் இதை முழுக்க எடுத்துவிடச் சொல்கிறார். உடம்பு சரியில்லாத ஒருத்தியை எந்தக் காலேஜ் எடுக்கும், நாமே போய் ஏன் கொடுக்கவேண்டும் என்கிறார். காலேஜில் இருக்கிற ப்ரீ-மெட் அட்வைசரைக் கேட்டால், உன் மனசுக்கு எது உண்மையோ அதை எழுது என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். இரண்டாம் வருடம் செப்டம்பர் செமஸ்டரில் வேறு ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் சி, ஃபிசிக்ஸை நடுவில் விட்டுவிட்டதால் டிரான்ஸ்கிரிப்டில் ஒரு டபிள்யூ. அதற்கும் காரணம் சொல்லியாகவேண்டும். கட்டுரையில் முக்கால்வாசி நோயைப் பற்றித்தான் இருக்கிறது. கடைசியில்தான் அவள் சனிக்கிழமை போகிற இலவச கிளினிக் பற்றிக் கொஞ்சம் வருகிறது. ஒரு பேஷண்ட் இன்சுலினை ஜன்னலில் வைத்திருந்ததைக் கண்டுபிடித்ததாக ஒரு வரி எழுதியிருக்கிறாள்.

இதை எழுதலாமா? எழுதினால் எதிராகப் போகுமா? எழுதுவதென்றால் எங்கே, எவ்வளவு? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.


இரவு ட்யூட்டி:

அக்கா, நான் இன்டர்னல் மெடிசினில் இரண்டாம் வருட ரெசிடென்ட், அதாவது பயிற்சி டாக்டர். எனக்கு க்ரோன்ஸ் என்கிற குடல் நோய், 19 வயதிலிருந்து. இரண்டு தடவை அப்ளை செய்தேன், இரண்டு தடவையும் நோயைப் பற்றி எழுதினேன். முதல் தடவை 22 காலேஜ், ஒரு இன்டர்வியூ கூட வரவில்லை. இரண்டாம் தடவை ஆறு இன்டர்வியூ, இரண்டு இடத்தில் சீட். மார்க் இரண்டு தடவையும் ஒன்றுதான். அதனால் உங்கள் கேள்விக்கு என்னிடம் இருப்பது இந்த இரண்டு கட்டுரைகளுக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் மட்டும்தான். அதைச் சொல்கிறேன்.

முதல் கட்டுரையில் எல்லாம் இருந்தது. வயிற்றுவலி, கொலனோஸ்கோபி, ஸ்டீராய்டால் வீங்கின முகம், குடலில் ஒரு பகுதியை வெட்டியது, நாலு மாதம் மலம் சேர வயிற்றில் பை வைத்துக்கொண்டு காலேஜ் போனது. என்னைப் பார்த்துக்கொண்ட சர்ஜன் எவ்வளவு நல்லவர், அவரைப் போல ஆகவேண்டும் என்று முடித்திருந்தேன். எழுதும்போது நான் அழுதேன், படித்த நண்பர்களும் அழுதார்கள், அதனால் நல்ல கட்டுரை என்று நினைத்துவிட்டேன். எல்லாம் முடிந்தபிறகு ஒரு காலேஜில் மட்டும் போனில் பத்து நிமிடம் ஒதுக்கி, ஏன் எடுக்கவில்லை என்று பேசினார்கள். அந்த அம்மா ரொம்ப மென்மையாகத்தான் சொன்னார்கள். உன் கட்டுரையைப் படித்து எங்களுக்கு க்ரோன்ஸ் நோயாளி எப்படிக் கஷ்டப்படுவார் என்று நன்றாகத் தெரிந்தது, கட்டிலுக்கு இந்தப் பக்கம் நிற்கும்போது நீ எப்படி இருப்பாய் என்று எதுவுமே தெரியவில்லை என்றார்கள். அன்றைக்குக் கோபமாக வந்தது. ஒரு வாரம் கழித்துத்தான் அது எவ்வளவு சரி என்று புரிந்தது. 5,300 எழுத்திலும் நான் படுத்தே கிடந்தேன்.

அந்த வருடம் ஒரு மருத்துவமனையில் நர்ஸிங் உதவியாளராக வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு பெரியவர், லாரி டிரைவர், பை வைத்து மூன்று நாள் ஆகியிருந்தது, அதைக் குனிந்து பார்க்கவே மாட்டேன் என்றார். மாற்றும்போது சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். வீட்டுக்குப் போனால் அவரேதான் மாற்றவேண்டும். நான் ஒரு புதுப் பையை எடுத்துவந்து, அதில் தண்ணீர் ஊற்றி, அவர் கையில் கொடுத்து, கிளிப்பைத் திறந்து மூடச் சொன்னேன். ஐந்து தடவை, ஆறு தடவை. கை பழகியதும் அவரே குனிந்து பார்த்தார். எனக்கும் அது இருந்தது என்று நான் கடைசிவரைக்கும் அவரிடம் சொல்லவில்லை, அன்றைக்கு அது அவருடைய நாள். ஆனால் தண்ணீர் ஊற்றிப் பழகலாம் என்று எனக்குத் தெரிந்தது நான் அப்படிப் பழகினதால்தான். இரண்டாவது கட்டுரை முழுக்க அந்தப் பெரியவர்தான். என் நோய்க்கு நாலு வரி.

உங்கள் மகளுடைய மண்டபக் காட்சி ரொம்ப நன்றாக இருக்கிறது அக்கா, அதைப் படித்தவர் மறக்கமாட்டார். ஆனால் அதில் அவள் ஒளிந்துகொண்டிருக்கிறாள். ஜன்னலில் இருந்த இன்சுலின் என்று போகிறபோக்கில் ஒன்று சொன்னீர்களே, அங்கே என்ன நடந்தது? அதை எழுதுங்கள்.

இன்னொன்று. எழுதியதை இன்டர்வியூவில் கண்டிப்பாகக் கேட்பார்கள். என்னிடம் ஒரு சர்ஜன் நேராகவே கேட்டார், எட்டு மணி நேர ஆபரேஷனில் உன்னால் நிற்க முடியுமா என்று. நான் எழுதாமல் இருந்திருந்தால் அவர் அதைக் கேட்டிருக்கவே முடியாது. எனக்குப் பதில் தயாராக இருந்தது, குரல் நடுங்கவில்லை. முன்பின் தெரியாத ஒருவரிடம் பத்து நிமிடம் சாதாரணமாகப் பேச முடிகிற விஷயமென்றால் எழுதலாம். பேச ஆரம்பித்தாலே தொண்டை அடைக்கிறதென்றால் இந்த வருடம் வேண்டாம். இதை அவளைத்தான் கேட்கவேண்டும், நீங்களோ உங்கள் கணவரோ பதில் சொல்ல முடியாது.


டாலஸ் அப்பா:

நான் இதில் மாறுபடுகிறேன் சகோதரி. என் மகனுக்கு வலிப்பு இருந்தது, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது, கடைசியாக வந்து ஐந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. கட்டுரையில் ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுதவேண்டிய கட்டாயம் எதுவும் கிடையாது. அட்மிஷனுக்கு முன்னால் உனக்கு என்ன நோய், என்ன குறைபாடு என்று காலேஜ் கேட்கவே கூடாது என்று 1973 ரிஹாபிலிடேஷன் சட்டத்தின் 504-ஆம் பிரிவில் வருகிறது, 1990-ல் ஏடிஏ என்கிற மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்து அதை இன்னும் பலப்படுத்தியது. அவர்கள் கேட்கக் கூடாததை நாமாகக் கொண்டுபோய்க் கொடுத்தால் அப்புறம் அதைத் திரும்ப வாங்க முடியாது. வேண்டாம் என்று முடிவெடுத்தவர் எதனால் வேண்டாம் என்றார் என்று யார் போய் நிரூபிப்பது?

அவன் சீட் கையில் வந்தபிறகு அந்தக் காலேஜின் டிசெபிலிட்டி ஆபீஸில் பேசினான். இரவு ட்யூட்டியை எப்படிப் பிரித்துப் போடலாம், தூக்கம் கெட்டால் என்ன செய்யலாம் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டான். யாரும் முகம் சுளிக்கவில்லை. டாக்டர் ஆகவேண்டும் என்று சொல்ல அவனிடம் வேறு காரணங்கள் இருந்தன, அதை எழுதினான். உங்கள் மகளிடமும் இருக்கும். உங்கள் கணவர் சொல்வதை வெறும் பயம் என்று தள்ளிவிடாதீர்கள்.


மிச்சிகன் பழைய டாக்டர்:

நான் ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. அதற்கு முன் ஏழு வருடம் ஒரு மெடிக்கல் ஸ்கூலின் அட்மிஷன் கமிட்டியில் விண்ணப்பங்கள் படித்தேன். எந்த இடம் என்று கேட்காதீர்கள். அந்த மேஜையின் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

டாலஸ் நண்பர் சட்டம் பற்றிச் சொன்னது சரி. எழுதாமல் விடுவது முழுக்க மரியாதையான முடிவு, அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் நோயை எழுதினாலே ஓரம் கட்டுவார்கள் என்பது நான் பார்த்த வரையில் உண்மை இல்லை. வருடத்துக்குச் சுமார் 52,000 பேர் அப்ளை செய்கிறார்கள், உள்ளே போவது சுமார் 23,000 பேர். ஒவ்வொருவரும் தனக்கோ அம்மாவுக்கோ தாத்தாவுக்கோ வந்த நோயிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். ஒரே மாலையில் இருபது ஃபைல் படிக்கிற ஆளுக்கு அது பயத்தைத் தருவதில்லை, களைப்பைத் தருகிறது. பன்னிரண்டாவது ஐசியூவுக்கு மேல் கண் தானாக வேகமாக ஓடுகிறது. எனக்கு அது வருத்தமாகத்தான் இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு பிள்ளையின் நிஜமான வேதனை. ஆனாலும் அப்படித்தான் நடக்கிறது.

எனக்கு உண்மையிலேயே தயக்கம் வந்த இடங்கள் வேறு. நோய் இன்னும் கட்டுக்குள் வரவில்லை என்று வரிகளுக்கு நடுவில் தெரிந்தால் தயங்கினேன். தன்னைப் பார்த்த டாக்டர்கள் எல்லோரும் முட்டாள்கள் என்ற தொனியில் எழுதியிருந்தால் தயங்கினேன், அவர்களில் ஒருவர் நிஜமாகவே தவறு செய்திருந்தாலும்கூட. எனக்கும் நோய் இருப்பதால் நோயாளிகளின் வலி எனக்குப் புரியும் என்று ஒரே வரியில் தாண்டிப் போனாலும் தயங்கினேன். டைப் 1 இருக்கிற இரண்டு பேருக்கே ஒரே வலி கிடையாது. இன்ஷூரன்ஸும் இன்சுலின் பம்பும் இருக்கிற ஒரு பெண்ணின் சர்க்கரையும், இரண்டு வேலை பார்த்துக்கொண்டு இன்சுலினை மிச்சம் பிடித்துப் போடுகிறவரின் சர்க்கரையும் ஒன்றா?

அதனால்தான் அந்த ஜன்னல். அம்மா, நீங்கள் எழுதியதை நான் இரண்டு தடவை படித்தேன், இரண்டு தடவையும் அங்கேதான் நின்றேன். இன்சுலின் திறக்காத வரைக்கும் ஃபிரிட்ஜில் இருக்கவேண்டும், திறந்ததை வெளியே வைத்துக்கொள்ளலாம், பெரும்பாலானவற்றுக்கு 28 நாள் கணக்கு. ஆனால் வெயில் படக்கூடாது. வெயிலில் வைத்தால் அது வெறும் தண்ணீராகிவிடும், பார்க்க அப்படியேதான் இருக்கும். அந்தப் பேஷண்டுக்கு ஏன் சர்க்கரை இறங்கவில்லை என்று டாக்டர்கள் டோஸை ஏற்றிக்கொண்டே போயிருப்பார்கள், என் அனுபவத்தில் அப்படி எத்தனையோ பார்த்திருக்கிறேன். நானே அந்தத் தவறைச் செய்திருக்கிறேன். எங்கே வைக்கிறீர்கள் என்று கேட்கவேண்டும் என்று உங்கள் மகளுக்குத் தோன்றியிருக்கிறது. அவளுக்கு ஏன் தோன்றியது, அவர் ஏன் ஜன்னலில் வைத்தார், அப்புறம் அவள் யாரிடம் போய்ச் சொன்னாள்? இந்த மூன்றையும் எழுதினாலே அவளுடைய நோய் தானாக உள்ளே வந்துவிடும், தனியாகக் கூப்பிடவேண்டியதில்லை.

சர்க்கரை நோயோடு டாக்டராக இருப்பது புதிதும் இல்லை. ஆர். டி. லாரன்ஸ் என்று லண்டனில் ஒரு டாக்டர், 1920-ல் நோய் வந்தது. அப்போது இன்சுலினே இல்லை. வீட்டார் கண் முன்னால் சாகவேண்டாம் என்று இத்தாலியில் ஃப்ளாரன்ஸுக்குப் போய் அங்கேயும் டாக்டராக நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1923-ல் இன்சுலின் வந்துவிட்டது, உடனே திரும்பி வா என்று தந்தி வந்தது. லண்டனுக்கு வந்து ஊசி போட்டுக்கொண்டு, அதன்பிறகு நாற்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்து, கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் சர்க்கரை நோயாளிகளுக்கு என்றே ஒரு பெரிய கிளினிக்கை நடத்தினார். உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள்.

இப்போது எங்கே எழுதுவது என்பதற்கு வருகிறேன். அந்த சி-யும் டபிள்யூ-வும் முக்கியக் கட்டுரைக்குள் வரவே கூடாது. அந்த 5,300 எழுத்தில் மார்க்குக்குக் காரணம் சொல்ல ஆரம்பித்தால் மொத்தமும் மன்னிப்புக் கடிதமாகிவிடும். ஆம்காஸ் என்கிற பொது விண்ணப்பத்தில் இப்போது தன் வாழ்க்கையைப் பாதித்த வேறு அனுபவங்களைச் சொல்ல 1,325 எழுத்துக்குத் தனிப் பெட்டி இருக்கிறது, விருப்பமிருந்தால் நிரப்பலாம். அதுபோக ஜூலையில் வருகிற செகண்டரியில், அதாவது காலேஜ்கள் தனியாக அனுப்புகிற இரண்டாம் விண்ணப்பத்தில், பல காலேஜ்கள் படிப்பில் சறுக்கல் ஏதாவது உண்டா என்று நேராகவே கேட்கும். அங்கே மூன்று நாலு வாக்கியம் போதும், என்ன நடந்தது, என்ன செய்தேன், அடுத்த செமஸ்டர் மார்க் என்ன. கிளினிக் வேலையை ஆக்டிவிட்டி பட்டியலிலும் போடவேண்டும், மிக முக்கியமானவை என்று மூன்றைக் குறிக்கச் சொல்வார்கள், அதில் ஒன்றாக.

யாரும் யோசிக்காத ஒன்றையும் சொல்கிறேன். சிபாரிசுக் கடிதம் எழுதுகிற பேராசிரியர்கள் நல்ல எண்ணத்தில், இவ்வளவு நோயோடு இந்தப் பெண் எப்படிப் படித்தாள் பாருங்கள் என்று எழுதிவிடுவார்கள். மாணவி மறைத்தது அங்கே வெளிவந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். என்ன சொல்லலாம், என்ன வேண்டாம் என்று அவர்களிடம் அவளே முன்கூட்டிப் பேசிவிடட்டும்.


எடிசன் அம்மா:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. தம்பி, அந்த லாரி டிரைவர் பற்றி நீங்கள் எழுதியதை மகளுக்குப் படித்துக் காட்டினேன், அவள் ஒன்றும் பேசாமல் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

டாக்டர் ஐயா, உங்களிடம் ஒன்றை முழுதாகச் சொல்லவில்லை. அந்த செமஸ்டர் சர்க்கரையால் மட்டும் கெடவில்லை. ராத்திரி ராத்திரி சர்க்கரை இறங்கி, அதை அளக்கக் கையில் ஒட்டியிருக்கிற சென்சார் எழுப்பிவிடும், எழுந்து ஜூஸ் குடிப்பாள், அப்புறம் தூக்கம் வராது. இப்படியே போய் ஒரு கட்டத்தில் எல்லாமே வெறுத்து, சாப்பிட்டால் இன்சுலின் போடுவதையே விட்டுவிட்டாள். நான் போன் செய்தால் எடுக்கமாட்டாள். ரூம் மேட்தான் அவளைக் காலேஜ் ஹெல்த் சென்டருக்குக் கூட்டிப்போனாள். டிப்ரஷன் என்றார்கள். எட்டு மாதம் மாத்திரை, கவுன்சிலிங் இப்போதும் மாதம் ஒரு தடவை போகிறாள். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது, பழைய பிள்ளையாகிவிட்டாள். இதை எப்படி எழுதுவது? என் கணவர் இது வாழ்க்கை முழுக்க ரெக்கார்டில் நிற்கும், நாளைக்கு லைசென்ஸ் கூடக் கிடைக்காது என்று பயப்படுகிறார். அவருக்கு ரொம்ப மனசு விட்டுப்போயிருக்கிறது, திட்டுவதாக நினைக்காதீர்கள்.


இரண்டாம் வருட மாணவி:

ஆன்ட்டி, நான் மெடிக்கல் ஸ்கூலில் இரண்டாம் வருடம். எனக்கும் காலேஜில் டிப்ரஷன் இருந்தது, ஒரு செமஸ்டர் முழுக்க மெடிக்கல் லீவ். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், அந்த ரூம் மேட்டுக்கு என் சார்பிலும் நன்றி சொல்லுங்கள். எனக்கும் அப்படி ஒருத்தி இருந்தாள்.

நான் அந்த வார்த்தையை எங்கேயும் எழுதவில்லை. செகண்டரியில், ஓர் உடல்நலப் பிரச்சினையால் அந்த செமஸ்டர் லீவ் எடுத்தேன், சிகிச்சை முடிந்து திரும்பி வந்து அடுத்த நாலு செமஸ்டரில் இந்த மார்க் வாங்கினேன் என்று மட்டும் எழுதினேன். மனநலமும் உடல்நலம்தான், அதனால் அதில் பொய் இல்லை. இன்டர்வியூவில் ஒருவர் கேட்டார், இப்போது நன்றாக இருக்கிறேன், உதவி தேவைப்பட்டால் எப்படிக் கேட்பது என்று அப்போது கற்றுக்கொண்டேன் என்றேன். அவர் தலையசைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

வெளிப்படையாக எழுதி உள்ளே வந்தவர்களும் என் வகுப்பில் இருக்கிறார்கள், அவர்கள் தைரியத்தை நான் மதிக்கிறேன். ஆனால் படிக்கிறவர்களில் எல்லோரும் ஒரே மாதிரி கிடையாது. சர்க்கரை என்றால் இரக்கப்படுகிற அதே ஆள் டிப்ரஷன் என்றால் இந்தப் பெண் நாலு வருடம் தாங்குவாளா என்று கணக்குப் போடலாம். அது அநியாயம், ஆனால் அந்த அநியாயத்தை மாற்றுகிற பொறுப்பை 21 வயதில் அவள் தலையில் வைக்கவேண்டாம் என்று நினைக்கிறேன். உங்கள் மகள் விஷயத்தில் இன்னும் சுலபம், டைப் 1 என்று ஏற்கனவே எழுதியிருந்தால், அந்தச் செமஸ்டரில் அதைச் சமாளிப்பது கைமீறிப் போனது, சிகிச்சை எடுத்துச் சரிசெய்தேன் என்றாலே முழு உண்மை.

அங்கிளிடம் சொல்லுங்கள், லைசென்ஸ் பயம் ஒரு காலத்தில் நியாயமானதுதான். முன்பெல்லாம் பல மாநில போர்டுகள் எப்போதாவது மனநலச் சிகிச்சை எடுத்தீர்களா என்றே கேட்டன. 2018-ல் மாநில மெடிக்கல் போர்டுகளின் கூட்டமைப்பே அப்படிக் கேட்காதீர்கள், இப்போது வேலையைப் பாதிக்கிற மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள் என்று பரிந்துரை செய்தது. நியூயார்க்கில் வேலை பார்த்த லோர்னா ப்ரீன் என்ற எமர்ஜென்சி டாக்டர் 2020-ல் கோவிட் நேரத்தில் உயிரை விட்டபிறகு, டாக்டர்களின் மனநலத்துக்காக அவர் பெயரிலேயே 2022-ல் சட்டம் வந்தது. பல மாநிலங்கள் அந்தக் கேள்வியை மாற்றிவிட்டன. காலேஜ் கவுன்சிலரிடம் பேசினது தானாக எந்த அட்மிஷன் ஆபீஸுக்கும் போகாது. அவள் மாதம் ஒரு தடவை போவதை நிறுத்தவே வேண்டாம், அப்ளிகேஷன் வருடத்தில் கண்டிப்பாக நிறுத்தவேண்டாம்.


எடிசன் அம்மா:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், பதில் சொன்னவர்களுக்குச் சொல்லாமல் இருக்கக் கூடாது என்று.

அந்த பேஷண்ட் எக்வடாரிலிருந்து வந்த ஒரு அம்மா. ஒரே வீட்டில் ஆறு பேர் வாடகைக்கு இருக்கிறார்கள், ஃபிரிட்ஜ் பொது. யாராவது பார்த்து நோய்க்காரி என்று வேலை இடத்துச் சூப்பர்வைசரிடம் சொல்லிவிடுவார்களோ என்று இன்சுலினைத் தன் அறை ஜன்னலில் திரைக்குப் பின்னால் மறைத்து வைத்திருக்கிறார். என் மகள் எங்கே வைக்கிறீர்கள் என்று கேட்டபோது அவர் பதில் சொல்லாமல் தரையைப் பார்த்தாராம். அந்தப் பார்வை தனக்குத் தெரியும் என்று எழுதியிருக்கிறாள். நர்ஸிடம் போய்ச் சொல்லி, டோஸ் ஏற்றுவதை நிறுத்திப் புது மருந்து வாங்கிக் கொடுத்து, அவர் அறையிலேயே குளிர்ச்சியாக வைத்துக்கொள்ள ஒரு பை ஏற்பாடு செய்திருக்கிறார்கள். கட்டுரை இப்போது அந்த ஜன்னலில் ஆரம்பிக்கிறது. மண்டபம் இரண்டே வரி. நான் கதவைத் தட்டுவது இல்லை, நான் எடுக்கச் சொல்லவில்லை, அவளே எடுத்துவிட்டாள். டிப்ரஷன் என்ற வார்த்தை வேண்டாம் என்று அவளே முடிவு செய்தாள், செகண்டரிக்கு நாலு வாக்கியம் எழுதி வைத்திருக்கிறாள். இரண்டு பேராசிரியர்களிடமும் பேசிவிட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வீடியோ கால். பக்கத்தில் என் நாத்தனார், அவர் பிள்ளைகள் எல்லோரும் இருந்தார்கள். என் மகள் கையில்லாத பனியன் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள், சென்சார் கையில் அப்படியே தெரிகிறது. நாத்தனார் அது என்னடி கையில் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள், அத்தை எனக்குச் சர்க்கரை, பத்து வருடமாக இருக்கிறது என்று. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. என் மாமியார் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு போன் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து, ராத்திரி படுக்கும்போது அது அழுத்தாதா கண்ணு என்று கேட்டார்.

ஜூன் முதல் வாரத்தில் சப்மிட் செய்கிறாள்.